யாருடைய ஆயுள்?

1

ஹில்ஸ்பரோவில் மூன்று வருடம் இருந்தேன். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம், போர்ட்லேண்டுக்கு மேற்கே அரை மணி நேரத் தூரம். சிப் தொழிற்சாலைகளும் அவற்றை அண்டிப் பிழைக்கும் என்னைப் போன்ற சாஃப்ட்வேர்க்காரர்களும் நிறைந்த ஊர். ஞாயிற்றுக்கிழமை கறிவேப்பிலை வாங்கப் போனால் நாலு பேராவது தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் என் பக்கத்து வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெரியவர். மர அறுவை ஆலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஊருக்குப் போனால் என் தபால்களை எடுத்து வைப்பார். இலையுதிர் காலத்தில் அவர் வாசலையும் சேர்த்து நான் பெருக்குவேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

2016 அக்டோபரில் ஒரு சாயங்காலம் கதவைத் தட்டினார். கையில் துண்டில் சுற்றிய ஒரு பொருள். "நீ கம்ப்யூட்டர் வேலைதானே பார்க்கிறாய், எனக்கு ஒரு ஃபார்ம் நிரப்பித் தர முடியுமா?" என்றார். துண்டைப் பிரித்தால் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு உலோகக் குழாய், இரண்டு பக்கமும் கண்ணாடி. துப்பாக்கி ஸ்கோப். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் கை நடுங்கியது. துப்பாக்கி என்றால் எனக்கு சினிமா, அல்லது வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி. அதன் உறுப்பு ஒன்று என் சாப்பாட்டு மேசையில், சாம்பார் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

அது அவர் அப்பா 1958-இல் வாங்கியது. அப்பாவும் ஆலைத் தொழிலாளி. மான் சீசனில் ஒரு மானை அடித்தால் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குக் கறி. அப்பாவுக்குப் பிறகு இவர். இப்போது உள்ளே பனி படிகிறது, விடிகாலைக் குளிரில் ஒன்றும் தெரிவதில்லை என்றார். தயாரித்த கம்பெனி இன்னும் இருக்கிறது. வேறொரு மாநிலத்தில். ஆயுட்கால உத்தரவாதம், யார் கையில் இருந்தாலும் செல்லும் என்று விளம்பரம் செய்கிறது. கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது ஒரு புகார்க் கடிதமாகிவிடும்.

ஃபார்மில் ஒரு கேள்வி: "பொருளின் குறை என்ன?" பெரியவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். "உள்ளே மூடுபனி." அடுத்தது: "வேறு ஏதேனும் குறிப்பு?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "இடது பக்கம் ஒரு நீளக் கீறல் இருக்கும். அதைச் சரி பண்ண வேண்டாம் என்று எழுது."

2

அந்த வாரம் முழுக்க ராத்திரி உட்கார்ந்து ஸ்கோப் பற்றிப் படித்தேன். எனக்கு அந்த வியாதி உண்டு. ஒரு பொருள் ஏன் உடைகிறது என்று தெரியாமல் தூக்கம் வராது.

ஸ்கோப் அடிப்படையில் ஒரு சிறிய தொலைநோக்கி. முன்னால் இருக்கும் பெரிய லென்ஸ் தூரத்துக் காட்சியைக் குழாய்க்குள் ஒரு பிம்பமாக விழ வைக்கிறது. அந்தப் பிம்பம் தலைகீழானது. நடுவில் இன்னொரு சிறிய குழாய், அதற்குள் இரண்டு மூன்று லென்ஸ்கள், அவை பிம்பத்தை நிமிர்த்துகின்றன. பிம்பம் விழும் தளத்திலேயே குறுக்குக் கோடுகள் இருப்பதால் மானும் கோடும் கண்ணுக்கு ஒரே தூரத்தில் தெரிகின்றன. மேலேயும் பக்கத்திலும் இருக்கும் திருகுகள் உள்குழாயை மயிரிழை அளவுக்கு நகர்த்தும். ஒரு சுருள்வில் எதிர்ப்பக்கமிருந்து அதை அழுத்திக்கொண்டே இருக்கும்.

இவ்வளவையும் ஒரு துப்பாக்கியின் முதுகில் கட்டி, ஒவ்வொரு தடவை சுடும்போதும் சம்மட்டியால் அடித்தது போல் குலுக்குகிறோம். கழுத்தில் தொங்கும் பைனாகுலருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஐம்பது வருஷத்தில் சுருள்வில் தளரும். ரப்பர் வளையங்கள் இறுகி வெடிக்கும். அந்தக் காலத்து லென்ஸ் ஜோடிகள் பலவற்றை கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டியிருப்பார்கள். அது மஞ்சளாகும், ஓரத்தில் பிரியும். இன்னும் பழையவற்றில் குறுக்குக் கோடே சிலந்தி இழைதான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் இதற்காகவே கறுப்புச் சிலந்திகளை வளர்த்து நூல் எடுத்தார்கள்.

பெரியவரின் பிரச்சினை பனி. குழாய்க்குள் ஈரக்காற்று இருந்தால், குளிர் ஏறும்போது அது கண்ணாடியின் உள்பக்கம் துளித்துளியாகப் படியும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. அதற்குத் தீர்வு, குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றி உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி அடைத்துவிடுவது. பிறகு வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்தி எங்காவது குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் செய்ய முடியாது. எந்த வளையம் எந்தப் பக்கம் திரும்பும், எந்த லென்ஸ் எந்த முகத்தோடு உட்காரும், எதை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் தயாரித்த இடத்துக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

3

நான் குடியிருந்த ஊருக்குப் பக்கத்து ஊர் பீவர்ட்டன். அங்கே லூபோல்ட் அண்ட் ஸ்டீவன்ஸ் தொழிற்சாலை இருக்கிறது. அமெரிக்காவின் பெயர்பெற்ற ஸ்கோப் கம்பெனிகளில் ஒன்று. பெரியவரின் ஸ்கோப் அவர்களுடையது அல்ல. ஆனால் அவர்களின் கதையைப் படிக்கும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அந்தக் கம்பெனி ஒரு பழுது பார்க்கும் கடையாகத்தான் ஆரம்பித்திருக்கிறது.

1907-இல் ஃப்ரெட் லூபோல்ட் என்ற ஜெர்மானியரும் அவர் மைத்துனர் ஆடம் வோல்பெலும் போர்ட்லேண்டில் கடை போட்டார்கள். வேலை, நில அளவைக் கருவிகளை ரிப்பேர் செய்வது. மேற்குக் கரை முழுக்க ரயில் பாதை, அணை, காடு வெட்டு என்று நில அளவைக்காரர்கள் அலைந்த காலம். மலையில் கருவி உருண்டு விழும், கோடு அறுந்துவிடும், ஈரம் ஏறும். கிழக்குக் கரையில் இருக்கும் தயாரிப்பாளருக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் ஆகும். இவர்கள் உள்ளூரிலேயே சரி செய்து கொடுத்தார்கள். அடுத்தவன் செய்த கருவியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில், அவை எங்கே உடையும் என்று தெரிந்துகொண்டார்கள். பிறகு தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். 1914-இல் ஜே. சி. ஸ்டீவன்ஸ் என்ற நீரியல் பொறியாளர் பங்குதாரராகச் சேர்ந்தார். ஆற்றின் நீர்மட்டத்தைத் தானாகவே பதிவு செய்யும் கருவி அவருடையது. ஆள் போகாத காட்டில் மாதக்கணக்கில் மழையில் நின்று வேலை செய்ய வேண்டிய பொருள்.

ஸ்கோப்புக்கு அவர்கள் வந்தது பற்றி கம்பெனி ஒரு கதை சொல்லும். ஃப்ரெட்டின் மகன் மார்கஸ் லூபோல்ட் வேட்டைக்குப் போனார். மான் நின்றது. ஸ்கோப்புக்குள் பனி படிந்திருந்தது. மான் ஓடிவிட்டது. இதைவிட நல்லதாக நானே செய்வேன் என்று சபதம் போட்டார். இப்படிப்பட்ட ஸ்தலபுராணங்களை நான் அப்படியே நம்புவதில்லை. ஆனால் ஆரிகன் மழையில் மூன்று வருடம் நனைந்தவன் என்ற முறையில், அந்தப் பனியை மட்டும் நம்புகிறேன். 1947-இல் ப்ளெயின்ஸ்மேன் என்ற பெயரில் அவர்களின் முதல் வேட்டை ஸ்கோப் வந்தது. உள்ளே பனி படியாத ஸ்கோப் என்பதுதான் அவர்கள் பெயர் வாங்கிய இடம்.

ரிப்பேர் கடையிலிருந்து வந்த கம்பெனி "வாழ்நாள் முழுக்க நாங்களே சரி செய்து தருவோம்" என்று சொல்லும்போது அது விளம்பரமாக மட்டும் தெரியவில்லை. உடைந்து வரும் ஒவ்வொரு பொருளும் அவர்களுக்குப் பாடம். எங்கள் மொழியில் சொன்னால் பக் ரிப்போர்ட்.

4

ஆனால் எல்லாக் கம்பெனிகளும் உயிரோடு இல்லை.

பில் வீவர் என்பவர் 1930-இல் மலிவான ஸ்கோப் ஒன்றைச் செய்தார். அதற்கு முன் ஸ்கோப் என்பது பணக்காரர்களின் பொருள், பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வரும். வீவரின் ஸ்கோப் 19 டாலர். பின்னர் டெக்சஸில் எல் பாசோவுக்குக் குடிபெயர்ந்து, பெரிய தொழிற்சாலை கட்டினார். ஆலைத் தொழிலாளியும் விவசாயியும் ஸ்கோப் வாங்க முடிந்ததற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். 1968-இல் கம்பெனியை ஒலின் என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்றார். 1980-களில் எல் பாசோ தொழிற்சாலை மூடப்பட்டது. வீவர் என்ற பெயர் மட்டும் கைமாறிக் கைமாறிப் போனது. அதற்குப் பிறகும் எல் பாசோவில் பழைய வீவர் ஸ்கோப்புகளைப் பழுது பார்க்கும் சிறு கடை ஒன்று பல வருடம் நடந்திருக்கிறது. தொழிற்சாலை செத்த பின்னும் அதன் நினைவு ஒரு கடையில் உட்கார்ந்திருந்தது.

டென்வரில் ரெட்ஃபீல்ட். 1909-இல் தொடங்கியது. 1966-இல் அமெரிக்க மரைன் படை, வியட்நாமுக்கு அனுப்பிய எம்40 துப்பாக்கிகளில் ரெட்ஃபீல்டின் ஸ்கோப்பைப் பொருத்தியது. வேட்டைக் கடையில் கிடைத்த பொருள்தான், கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். காட்டு ஈரத்தில் துப்பாக்கியின் மரக்கட்டை உப்பி வளைந்தது. ஸ்கோப்புக்குள் தூரம் காட்டும் பிளாஸ்டிக் பட்டை வெயில் பட்டு உருகியது. இதையெல்லாம் படிக்கும்போது ஒரு இடத்தில் நிறுத்திவிட்டேன். நான் இவ்வளவு நேரம் "பழுது" என்று எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? அந்தப் பட்டை உருகிய பகலில், ஸ்கோப்பின் மறுமுனையில் நெல் வயலில் நின்றிருந்த யாரோ ஒருவர் பிழைத்திருக்கலாம். கருவியின் வரலாறு எழுதுபவர்கள் கருவியின் பின்னால் நின்றே எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைச் சொல்லிவிட்டுத் தொடர்வதுதான் நேர்மை.

ரெட்ஃபீல்ட் தொழிற்சாலை 1998-இல் மூடப்பட்டது. அங்கே உலோகத்தில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கப் பயன்படுத்திய கரைப்பான்கள் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் கலந்திருந்தன. அதன் ஆவி அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் வந்தது. வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். பத்து வருடம் கழித்து, 2008-இல், ரெட்ஃபீல்ட் என்ற பெயரை லூபோல்ட் வாங்கியது. பெயர் ஆரிகனுக்கு வந்துவிட்டது. அழுக்கு டென்வரிலேயே இருந்தது. வியட்நாம் காலத்தில் அங்கே லென்ஸ் பொருத்தியவர்கள் எங்கே போனார்கள் என்பதை எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

5

தயாரிப்பாளர் யார் என்பதே சிக்கலாகிவிட்ட கதையும் உண்டு. கார்ல் ஜெய்ஸ். நம் தலைமுறைக்கு இந்தப் பெயர் நோக்கியா போன் கேமராவின் ஓரத்தில் எழுதியிருந்ததால் தெரியும். போருக்கு முன் ஜெர்மானிய வேட்டைக்காரர்களின் கனவு, ஜெய்ஸ் ஸ்கோப். லென்ஸில் ஒளி தெறித்து வீணாகாமலிருக்க மெல்லிய பூச்சு பூசும் முறைக்கு 1935-இல் காப்புரிமை வாங்கியவர் அங்கே வேலை பார்த்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா. நம் மூக்குக் கண்ணாடியில் தெரியும் அந்த நீலச்சாயலின் ஆதி அதுதான்.

தொழிற்சாலை ஜீனா நகரில் இருந்தது. 1945-இல் முதலில் அமெரிக்கப் படை அங்கே வந்தது. ஆனால் ஒப்பந்தப்படி அந்தப் பகுதி சோவியத்துக்குப் போக வேண்டும். கிளம்பும்போது அமெரிக்கர்கள் ஜெய்ஸின் விஞ்ஞானிகளும் நிர்வாகிகளுமாக 84 பேரை மேற்கே அழைத்துப் போனார்கள். பின்னாலேயே சோவியத் படை வந்தது. 1946-இல் பெரும்பாலான இயந்திரங்களைக் கழற்றி ரயிலேற்றியது. கூடவே நூற்றுக்கணக்கான ஊழியர்களையும். மேற்கே போனவர்கள் ஓபர்கோகனில் புதிய தொழிற்சாலை கட்டினார்கள். ஜீனாவில் மிச்சமிருந்தவர்கள் மறுபடி எழுப்பினார்கள். இரண்டும் தன்னை ஜெய்ஸ் என்றே அழைத்துக்கொண்டது. பல நாட்டு நீதிமன்றங்களில் பெயருக்காகச் சண்டை நடந்தது. ஜெர்மனிகள் ஒன்றான பிறகு, 1991 வாக்கில்தான் இந்தப் பிரிவு முடிந்தது.

இப்போது கற்பனை செய்துகொள்ளுங்கள். உங்கள் தாத்தாவின் ஜெய்ஸ் ஸ்கோப் 1936-இல் ஜீனாவில் செய்தது. 1960-இல் பனி படிகிறது. தயாரித்த கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். எங்கே அனுப்புவீர்கள்? வடிவமைத்த மூளைகள் இருக்கும் மேற்குக்கா, கட்டடம் இருக்கும் கிழக்குக்கா? இல்லை, அந்த லென்ஸைக் கடைந்த இயந்திரம் எங்கேயோ ரஷ்யாவில் இருக்கிறதே, அங்கேயா? கம்பெனி என்பது எது? பெயரா, ஆளா, இயந்திரமா, இடமா? சாதாரண நாட்களில் இந்த நாலும் ஒன்றாக இருப்பதால் நமக்குக் கேள்வியே வருவதில்லை.

6

ஆறு வாரம் கழித்துப் பெரியவருக்குக் கடிதம் வந்தது. என்னிடம் கொண்டுவந்தார். மரியாதையான கடிதம். இந்த மாடலுக்கான உதிரிபாகங்கள் தற்போது எங்களிடம் இல்லை, எனவே பழுது பார்க்க இயலாது, உத்தரவாதத்தின்படி இதற்கு இணையான புதிய ஸ்கோப் ஒன்றை இலவசமாக அனுப்புகிறோம், பழையதை நாங்களே அகற்றிவிடுவோம், சம்மதம் என்றால் கையெழுத்திடவும்.

நான் சந்தோஷப்பட்டேன். "புதுசே தர்றாங்களே! இணைய விலை பார்த்தேன், நானூறு டாலர்" என்றேன். புது ஸ்கோப் எல்லா வகையிலும் மேலானது. வெளிச்சம் அதிகம், எடை குறைவு, பனி படியாது.

பெரியவர் கடிதத்தை மடித்தார். "நான் புதுசு கேட்கவில்லையே. ரிப்பேர்தானே கேட்டேன்."

அன்றிரவு அமெரிக்காவின் உத்தரவாதச் சட்டங்களைத் தேடிப் படித்தேன். 1975-இல் மேக்னசன்-மாஸ் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. எழுத்தில் உத்தரவாதம் கொடுப்பவர்கள் எதை, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கான சட்டம். 1985-இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் விளம்பரங்களுக்காகச் சில வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் ஒன்று, "ஆயுட்கால உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்தால் யாருடைய ஆயுள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர்கள் தரும் உதாரணம் கார் சைலன்சர். ஆயுள் என்பது சைலன்சர் பொருத்திய காரின் ஆயுளா, அதை வாங்கியவர் அந்தக் காரை வைத்திருக்கும் காலமா? ஒரு அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ இவ்வளவு தத்துவார்த்தமான கேள்வியைச் சட்டமொழியில் எழுதியிருக்கிறார்கள் என்று சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

காரணம், அதே மாதம் நான் ஆபீஸில் எழுதிக்கொண்டிருந்த ஒரு மெயில். எங்கள் மென்பொருளின் பழைய பதிப்பு ஒன்றுக்கு ஆதரவை நிறுத்துகிறோம் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அறிவிப்பு. சிறிய பரிசோதனைக்கூடங்கள் பயன்படுத்தும் பதிப்பு அது. ஒருவர் பதில் போட்டிருந்தார்: "நன்றாகத்தானே ஓடுகிறது? ஒரே ஒரு பிழை. அதை மட்டும் சரி செய்து கொடுங்கள்." நான் டெம்ப்ளேட் பதிலை அனுப்பினேன். புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள், கட்டணம் கிடையாது, இது எல்லா வகையிலும் மேலானது.

அவருக்குச் சொல்லாத உண்மை ஒன்று உண்டு. அந்தப் பிழையை எங்களால் சரி செய்ய முடியாது. கோட் இருந்தது. ஆனால் அதைக் கம்பைல் செய்யும் பழைய சர்வரை யாரோ துடைத்துவிட்டார்கள். எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு வேண்டும் என்று தெரிந்தவர் இரண்டு வருடம் முன்னால் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க யாரும் அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. "ஆதரவு முடிகிறது" என்பது ஒரு முடிவு போல ஒலிக்கிறது. உள்ளே இருந்து பார்த்தால் அது மறதி. நாங்கள் மறந்துவிட்டோம் என்று எழுத முடியாததால் அப்படி எழுதுகிறோம்.

பெரியவருக்கு வந்த கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "உதிரிபாகங்கள் இல்லை." அந்தக் கம்பெனியில் யாரோ ஒரு இளைஞன் என்னைப் போலவே டெம்ப்ளேட்டில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருப்பான். அவன்மேல் கோபம் வரவில்லை.

7

ஊருக்கு போன் செய்தபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். பொதுவாக என் அமெரிக்கக் கதைகளை அவர் பாதியில் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அன்று கேட்டார்.

"அந்தப் பெரியவரு சொல்றது சரிதான்டா. என் ஹெச்எம்டி வாட்ச்சை நீ தூக்கிப் போடச் சொன்ன. நான் போட்டேனா? அந்தக் கம்பெனியவே மூடிட்டாங்க. ஆனா பஸ் ஸ்டாண்டு கிட்ட வாட்ச் கடைக்காரர் ஒரு பிஸ்கட் டப்பா வச்சிருக்காரு. முழுக்கச் செத்த வாட்ச்சு. அதுல இருந்து ஒரு பல்லுச் சக்கரம் எடுத்துப் போட்டாரு. ஓடுது."

கம்பெனி இல்லாமலே பழுது பார்ப்பது நம் பக்கத்தில் புதிது இல்லை. ஸ்கோப்பின் பெரியப்பா முறையான ஒரு கருவியை வைத்தே அதைச் சொல்லலாம். லூபோல்ட் கடை எந்த வகைக் கருவிகளை ரிப்பேர் செய்து பிழைத்ததோ, அந்த வகை. தியோடலைட். தொலைநோக்கி, உள்ளே குறுக்குக் கோடு, திருகினால் மயிரிழை நகர்வு, எல்லாம் அதிலும் உண்டு.

1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவைக்காக லண்டனில் கேரி என்பவர் செய்து அனுப்பிய தியோடலைட் அரை டன் எடை. கப்பலில் வரும்போதே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து, அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். 1808-இல் தஞ்சாவூரில், உயரத்திலிருந்து பார்த்து அளப்பதற்காக அதைக் கோயில் விமானத்தின் மேல் ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. கோணம் அளக்கும் அந்தப் பெரிய வட்டமே நெளிந்துவிட்டது.

தயாரிப்பாளர் லண்டனில். போய் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார். முக்கியமான கைவினைஞர்களைத் தவிர யாரையும் விடவில்லை. ஒரு பெரிய பலகையில் சரியான அளவில் வட்டம் வெட்டி, நெளிந்த வளையத்தை ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து அந்த அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார்கள். வளைந்த ஆரக்கால்களைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினார்கள். ஆறு வாரம். அதற்குப் பிறகும் அந்தக் கருவி இந்தியாவை அளந்தது. லாம்டன் பெயர் வரலாற்றில் இருக்கிறது. சுத்தியல் பிடித்தவர்களின் பெயர் இல்லை.

ஒருவர் பெயர் மட்டும் கொஞ்சம் பிற்பாடு வருகிறது. ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசேன். சென்னையில் நகைக்கடை ஒன்றில் வேலை பார்த்தவர். 1820-களில் கல்கத்தாவுக்குப் போய் நில அளவைத் துறையின் கருவிகளைப் பழுது பார்க்க ஆரம்பித்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் லண்டனிலிருந்து ஹென்றி பாரோ என்ற கருவி நிபுணரை வரவழைத்தார். பாரோ திரும்பிப் போன பிறகு அந்த இடத்துக்கு 1843-இல் வந்தவர் மொஹ்சின் ஹுசேன்தான். லண்டனில் செய்த கருவிகளின் நினைவை ஆற்காட்டுக்காரர் ஒருவர் கையில் வைத்திருந்தார்.

8

பெரியவர் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. பழையதையே திருப்பி அனுப்பும்படி என்னை எழுதச் சொன்னார். எழுதினேன். டிசம்பரில் அது வந்தது. நாங்கள் அனுப்பிய அதே அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு சின்னச் சீட்டு: "பழுது பார்க்கவில்லை. வாடிக்கையாளர் கேட்டபடி திருப்பி அனுப்பப்படுகிறது." அந்த வருடம் அவர் வேட்டைக்குப் போகவில்லை. வேறு ஸ்கோப் வாங்கவும் இல்லை.

கீறலைப் பற்றி அப்போதுதான் சொன்னார். அவருக்குப் பன்னிரண்டு வயதில் அப்பாவின் துப்பாக்கியைப் பாறையில் நழுவ விட்டிருக்கிறார். அப்பா திட்டவில்லை. கீறலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மட்டும் சொன்னாராம்.

ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். குழாய் மட்டும்தான், துப்பாக்கி இல்லை, ஆனாலும் எதிர்வீட்டுப் பக்கம் திருப்ப மனம் வரவில்லை. தெருக்கோடியில் நின்ற தேவதாரு மரத்தைப் பார்த்தேன். கட்டடத்து வெளிச்சத்தில் அது வெறும் பச்சைப் புகையாகத் தெரிந்தது. பனி முன்லென்ஸின் உள்பக்கம் படிந்திருந்தது. குறுக்குக் கோடுகள் மட்டும் கூர்மையாக, நேற்றுப் போட்டது போல இருந்தன.

ஜனவரியில் எங்கள் பழைய பதிப்பைக் கம்பைல் செய்ய முயன்றேன். மேனேஜர் கேட்டால் சொல்ல ஒரு காரணம் கூட என்னிடம் இல்லை, அதனால் சாயங்காலங்களில் செய்தேன். வேலையை விட்டுப் போனவரைத் தேடிப் பிடித்து இரண்டு முறை போனில் பேசினேன். பாதி அவருக்கே மறந்திருந்தது. பதினோரு நாள் ஆனது. பன்னிரண்டாம் நாள் ஓடியது. அந்தப் பரிசோதனைக்கூடக்காரரின் பிழை ஒரே ஒரு வரி. திருத்தி அவருக்கு மெயில் போட்டேன். அவர் அதற்குள் வேறு கம்பெனியின் மென்பொருளுக்கு மாறிவிட்டிருந்தார். நன்றி என்று மட்டும் எழுதியிருந்தார்.

எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, எந்த வரிசையில் என்று எல்லாவற்றையும் நாலு பக்கத்துக்கு எழுதி கோடோடு சேர்த்து வைத்தேன். நான் அந்த வேலையை விட்டு வந்து இப்போது ஆறு வருடம் ஆகிறது. அதை யாராவது திறந்து பார்த்தார்களா என்று தெரியாது.